எண்ணெய் குடிக்கும் எஞ்சின்: நோயறியும் முறை

சரக்குந்துத் தொழிலில் நாமக்கல்லுக்குத் தனி இடம் உண்டு. 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளாலும், வடநாடு வரை சென்று திரும்பும் லாரிகளாலும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கும் அதனைப் போன்ற பிற ஊர்களிலும் ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி, தாமே ஓட்டியும் ஓட்டுநரை அமர்த்தியும் குடும்பம் நடத்துவோர் பலர். வண்டி ஓடினால்தான் மாதத் தவணை கட்டலாம். பிள்ளைகளின் படிப்புச் செலவும் அதிலிருந்தே வரவேண்டும். அத்தகைய ஒருவரைக் கலங்கச் செய்யும் சொற்கள் இரண்டு. ஒன்று, 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்பது. மற்றொன்று, அதைக் கேட்ட மாத்திரத்தில் பட்டறையில் கிடைக்கும் 'ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்' என்னும் தீர்ப்பு.

அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானதே. ஆனால் ஆய்வு இன்றிச் சொல்லப்படும்போது அது சரியாக அமைவது தற்செயலே ஆகும். எஞ்சினை இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு, சிறு முதலாளியின் பல மாத வருவாயை விழுங்கிவிடும். அவ்வளவும் செலவிட்ட பின்னரும் எண்ணெய் குறைந்துகொண்டே இருக்குமானால், அவர் நிலை என்னவாகும்? நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதைத் தணிக்கும் வழியையும் அறிந்து, அதன் பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பது 'மருந்து' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வகுத்த முறை. மனித உடலுக்குச் சொல்லப்பட்ட அம்முறை, நெடுந்தொலைவு ஓடித் தேய்ந்த டீசல் எஞ்சினுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை எளிமையானது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் புகவிட்டு, அதனைப் பிஸ்டனால் மிகக் குறுகிய இடத்துக்குள் அழுத்தினால் அக்காற்று கடுஞ்சூடு அடைகிறது. அச்சூட்டில் டீசலைத் தூவலாகப் பீய்ச்சினால், தீப்பொறியின் துணையின்றியே அது பற்றிக்கொள்கிறது. எரிந்த வளி விரிந்து பிஸ்டனைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. டர்போ பொருத்தப்பட்ட இன்றைய லாரி எஞ்சினில், எரியும் கணத்தில் எழும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது.

இவ்வளவு அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துபவை, பிஸ்டனைச் சுற்றிய பள்ளங்களில் அமர்ந்துள்ள மெல்லிய உலோக வளையங்கள். பட்டறையில் ரிங் என்று வழங்கும் இவை பெரும்பாலான லாரி எஞ்சின்களில் ஒரு பிஸ்டனுக்கு மூன்று. மேல் இரண்டும் முதன்மையாக வளியைத் தடுப்பவை. கீழ் வளையம் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. வளையம் விரிந்து சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமாயின் அதன் வட்டத்தில் ஒரு வெட்டு இருந்தே தீரவேண்டும். அவ்வெட்டின் இடைவெளி, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். டாட்டா லாரிகளில் நெடுங்காலம் ஓடிய 697 எஞ்சினின் பெயரிலேயே, ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம் என்னும் இரு செய்திகளும் அடங்கியிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

வெட்டு இருக்கும் வரையில் கசிவும் இருக்கும். வளையங்களைக் கடந்து, எண்ணெய் தங்கியிருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும் வளியையே பொறியியலார் பிளோ-பை என்கின்றனர். அது அங்கே தேங்கி அழுத்தம் கூடாதிருக்கவே, எஞ்சினுக்குப் பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, புத்தம் புதிய எஞ்சினின் பிரீதரிலும் சிறிது மூச்சு வரவே செய்யும். மூச்சு வருகிறதா என்று கேட்பதில் பயனில்லை. எவ்வளவு வருகிறது, முன்பு எவ்வளவு வந்தது என்று கேட்பதே முறை.

தேய்மானத்தின் அளவை எண்ணிப் பார்ப்போர் வியப்படைவர். மணிக்குச் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 5 இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, 10,000 மணி நேரம் உழைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று எனக் கொண்டால் அதன் எஞ்சின் 90 கோடி முறை சுழன்றிருக்கும். ஒவ்வொரு வளையமும் சிலிண்டர் சுவரை 180 கோடி முறை உரசிச் சென்றிருக்கும்.

இரு குறைகளையும் பிரித்தறிதல்

எண்ணெய் எரிதலும் பிளோ-பை மிகுதலும் ஒரே நோயின் இரு பெயர்கள் என்று பலர் கருதுகின்றனர். இவை சேர்ந்தும் வரலாம்; தனித்தனியாகவும் வரலாம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் நால்வகை நிலைகள் தோன்றும்.

1. எண்ணெய்ச் செலவும் மிகுதி, பிளோ-பையும் மிகுதி: வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

2. எண்ணெய்ச் செலவு மிகுதி, பிளோ-பை இயல்பு: வெளிக்கசிவு, வால்வுத் தண்டின் சீல், டர்போ, பிரேக்குக்குக் காற்றுத் தரும் கம்ப்ரஸர், கரி படிந்து இறுகிப்போன எண்ணெய் வளையம் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

3. எண்ணெய்ச் செலவு இயல்பு, பிளோ-பை மிகுதி: ஏதேனும் ஒரு சிலிண்டரில் மேல் வளையம் முறிந்திருக்கலாம், பிஸ்டன் வெடித்திருக்கலாம், அல்லது கம்ப்ரஸரிலிருந்தோ டர்போவிலிருந்தோ காற்று உள்ளே புகுந்துகொண்டிருக்கலாம்.

4. இரண்டும் இயல்பு: எஞ்சினில் குறையே இல்லை. அளக்கும் முறையிலோ ஊற்றும் அளவிலோதான் பிழை இருக்கிறது.

நான்காம் நிலையை நகைப்புக்குரியதாக எண்ணற்க. அளவுக்கோலின் மேல்கோட்டையும் தாண்டி எண்ணெய் ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிப் பிரீதர் வழியே வெளியே துப்பும். ஓட்டுநர் மீண்டும் நிறைய ஊற்றுவார். அது மீண்டும் வெளியேறும். எஞ்சின்மேல் பழி விழும்.

முதலில் கணக்கு

ஆகவே முதற்பணி, ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக்கொள்வதே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் முழுதும் கீழே வடிவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் கொடுத்து, அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். மேல்கோடு வரை நிரப்பிய பின், ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய டீசல், கூடுதலாக ஊற்றிய எண்ணெய் ஆகிய மூன்றையும் எழுதிவர வேண்டும்.

எண்ணெய்ச் செலவை டீசல் செலவின் விழுக்காடாகக் கணக்கிடுவது நல்ல முறை. மலையேறும் வண்டியும் சமவெளியில் ஓடும் வண்டியும் ஒரே தொலைவுக்கு ஒரே உழைப்பைத் தருவதில்லை. டீசல் அளவே உழைப்பின் உண்மையான அளவுகோல். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரி ஒன்று 4,000 கிலோமீட்டர் ஓடினால் 1,000 லிட்டர் டீசல் செலவாகும். அதற்குள் 2 லிட்டர் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தால் அது 0.2 விழுக்காடு, நெடுந்தொலைவு ஓடிய எஞ்சினுக்கு அஞ்சத்தக்கதன்று. 6 லிட்டர் என்றால் 0.6 விழுக்காடு; ஆராய வேண்டிய நிலை. இறுதி எல்லையை அந்தந்த எஞ்சினின் பழுதுநீக்கும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் மட்டம் குறையாதிருப்பதும் எப்போதும் நலத்தின் அறிகுறி ஆகாது. பழுதான நாசிலிலிருந்து ஒழுகும் டீசலோ, கசியும் குளிர்நீரோ எண்ணெயோடு கலந்தால், எரிந்துபோன எண்ணெயின் இடத்தை அவை நிரப்பிவிடும். மட்டம் அப்படியே நிற்கும்; எண்ணெய் நீர்த்துப்போய் பேரிங்குகள் தேயும். எண்ணெயில் டீசல் மணம் வீசுகிறதா, பால்போல் வெளுத்திருக்கிறதா என்பதையும் அளக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

புகை கூறும் செய்தி

கரும்புகை, டீசல் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ எரிவதைக் காட்டுவது. வெண்புகை, எரியாத டீசலையோ, உள்ளே புகுந்து ஆவியாகும் குளிர்நீரையோ காட்டுவது. நீலப்புகையே எண்ணெய் எரிதலின் அடையாளம். ஆனால் நீலம் தோன்றும் நேரத்தையும் நோக்க வேண்டும்.

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் ஒரு மூச்சு நீலப்புகை வந்து அடங்கினால், வால்வுத் தண்டின் வழியே எண்ணெய் கீழே இறங்கித் தேங்கியிருந்தது என்று கருத இடமுண்டு. நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றபின் வேகம் கொடுக்கும்போது மட்டும் நீலம் தோன்றினால் வால்வு வழிகாட்டிகளையும் டர்போவையும் ஐயுறலாம். பாரத்தோடு மேடு ஏறும்போது விடாது நீலப்புகை வந்து, பிரீதரும் பலமாக மூச்சு விட்டால், வளையங்களின் மேல் ஐயம் வலுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் எஞ்சினைப் பழகியோர் தம் விதிகளை அப்படியே டீசலுக்குப் பொருத்திவிடுகின்றனர். பெட்ரோல் எஞ்சினின் காற்று வழியில் ஒரு மூடி உண்டு. இறக்கத்தில் அது மூடும்போது சிலிண்டரில் உறிஞ்சும் விசை மிகும். வால்வு வழியாக எண்ணெய் இழுக்கப்படும். வழக்கமான டீசல் எஞ்சினில் காற்று வழி திறந்தே இருப்பதால் அவ்வுறிஞ்சல் அவ்வளவாக இல்லை. எனவே இறக்கம் முடிந்து வேகமெடுக்கையில் புகைப்பது வால்வு சீல் கெட்டதற்கு உறுதியான சான்று என்னும் பெட்ரோல் பட்டறை விதி, லாரிக்கு முழுதும் பொருந்தாது. புகை ஒரு சாட்சி மட்டுமே. அதன் சொல்லைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

மூச்சை அளத்தல்

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே வாயின்மேல் வைத்து, ஐட்லிங்கில் கவனிப்பது பட்டறைகளில் வழங்கிவரும் சோதனை. மூடி சற்றே துள்ளினால் கவலையில்லை. தூக்கி எறியப்பட்டால் குறை உண்டு. தொடக்கநிலை ஐயத்துக்கு இது போதும், தீர்ப்புக்குப் போதாது. வாயின் அகலத்தையும் மூடியின் எடையையும் பொறுத்து முடிவு மாறும். மேலும், பிளோ-பை என்பது சுமை கூடக் கூட மிகுவது. ஐட்லிங்கில் அமைதியாக இருக்கும் எஞ்சின் பாரத்தோடு ஏறும்போது பெருமூச்சு விடலாம்.

முறையான வழி, தயாரிப்பாளர் குறித்த துளையளவுள்ள கருவியைப் பிரீதர் வாயில் பொருத்தி, நீர் நிரப்பிய யு வடிவக் குழாயிலோ மானியிலோ அழுத்தத்தைப் படிப்பதாகும். நீர்மட்டம் எத்தனை அங்குலம் உயர்கிறது என்பதே அளவு. துளையின் அளவு மாறினால் படிக்கும் எண்ணும் மாறிவிடும் என்பதால், ஒரு கருவியின் எண்ணை வேறொரு கருவியின் எல்லையோடு ஒப்பிடலாகாது. அளக்கும் முன் பிரீதர் குழாய் எண்ணெய்ச் சேறால் அடைபட்டுள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். மூச்சுக்குழாய் அடைபட்டால், நல்ல வளையங்கள் உள்ள எஞ்சினிலும் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் எங்கும் ஒழுகத் தொடங்கும்.

பழி ஏற்கும் டர்போவும் மறைந்து நிற்கும் கம்ப்ரஸரும்

கிராங்க் கேஸில் அழுத்தம் மிகுந்தால் அது வளையங்களைக் கடந்து வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. அங்கே வளி புகுவதற்கு வேறு வாயில்களும் உண்டு.

முதலாவது, காற்று பிரேக்குக்குரிய கம்ப்ரஸர். அதுவும் பிஸ்டனும் வளையமும் கொண்ட சிறு இயந்திரமே. எஞ்சின் எண்ணெயிலேயே ஓடுகிறது. அதன் வளையங்கள் தேய்ந்தால் அழுத்தப்பட்ட காற்று எஞ்சினின் கிராங்க் கேஸுக்குள் வரும். அதே வழியில் எஞ்சின் எண்ணெய் காற்றுத் தொட்டிக்குப் போகும். சோதனை எளிது. காற்றுத் தொட்டி நிறைந்து கம்ப்ரஸர் சுமையிலிருந்து விடுபடும்போது மானியின் அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் வடிகுழாயைத் திறந்து எண்ணெய் வருகிறதா என்றும் காண வேண்டும். எண்ணெய் கலந்த காற்று பிரேக் வால்வுகளின் ரப்பரைக் கெடுக்கும் ஆதலால், இது எண்ணெய்ச் செலவைக் கடந்து உயிர்க்காப்பைத் தொடும் செய்தியாகும்.

இரண்டாவது, டர்போ. அதன் தண்டிலுள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தமான வளி, எண்ணெய் திரும்பும் குழாய் வழியே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். மூன்றாவது, தேய்ந்த வால்வு வழிகாட்டிகள். புகை வழியின் வளி அவற்றின் ஊடே டாப்பெட் மூடிக்குள் ஏறி, அங்கிருந்து கீழே பரவும்.

டர்போவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும் பொருள் வீணாகும் இடம் இதுவே. டர்போவின் எண்ணெய், பம்பின் அழுத்தத்தால் உள்ளே வருகிறது. ஆனால் வெளியேறும்போது தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் மிகுந்திருந்தால் அவ்வடிகால் தடைபடும். வடிய இடமின்றி நிற்கும் எண்ணெய் சீல்களைத் தாண்டிக் காற்றுக் குழாயிலும் புகைக்குழாயிலும் புகும். டர்போ கெட்டுவிட்டதாகக் கருதி உரிமையாளர் புதியது வாங்கிப் பொருத்துவார். சில நாட்களில் அதுவும் ஒழுகும். பொருள் போலி என்று கடைக்காரரோடு வழக்கு எழும். உண்மையில் இரு டர்போக்களும் குற்றமற்றவை; குற்றம் வளையங்களில் இருந்தது. இதற்கு நேர்மாறாக, டர்போவின் சீல் கசிவால் எழுந்த அழுத்தத்தைக் கண்டு, குற்றமற்ற வளையங்களை மாற்றுவோரும் உண்டு.

இவ்விரண்டையும் பிரிப்பதற்கு வழி உண்டு. காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடைபட்ட வடிகட்டி, டர்போவின் காற்றுப் பக்கத்தில் உறிஞ்சலை மிகுத்து எண்ணெயை இழுக்கும். பின் டர்போத் தண்டைக் கையால் அசைத்து அதன் ஆட்டத்தையும், இறக்கைகள் உறையை உரசிய தடத்தையும் நோக்க வேண்டும். அதன் பிறகு எண்ணெய் திரும்பும் குழாயைக் கழற்றி, கிராங்க் கேஸ் பக்கத்து வாயை மூடி, எண்ணெயை ஒரு தூய பாத்திரத்தில் விழும்படி செய்து, மட்டத்தைக் கண்காணித்தவாறே சிறிது நேரம் மட்டும் எஞ்சினை இயக்கலாம். மானியின் அளவு தெளிவாகக் குறைந்தால் குற்றம் டர்போவினுடையது. குறையாவிட்டால் அது குற்றவாளி அன்று.

சிலிண்டர்களின் வாக்குமூலம்

பிற வாயில்கள் யாவும் விலக்கப்பட்ட பின்னரே சிலிண்டர்களை நாட வேண்டும். நாசிலைக் கழற்றிய துளையில் டீசலுக்குரிய அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சுழலவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளப்பது முதற்சோதனை. தனி எண்ணைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே அதிகம் பேசும். ஆறும் ஒருசேரச் சற்றுத் தாழ்ந்திருப்பது முதுமை. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் வீழ்ந்திருப்பது நோய்.

இதனினும் நுட்பமானது கசிவுச் சோதனை. பிஸ்டனை அழுத்தும் வீச்சின் உச்சியில் நிறுத்தி, நாசில் துளை வழியே அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்திச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் காற்றோசை கேட்டால் வளையமோ சிலிண்டரோ பழுது. காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் உள்வால்வு. புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ வெடித்துள்ளது. எஞ்சினைப் பிரிக்காமலேயே கசிவின் திசையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை. காற்றின் அழுத்தத்தால் கிராங்க் தண்டு சட்டெனத் திரும்பக்கூடும் ஆகையால், அதனை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு முன்னரே வேண்டும்.

அழுத்தம் நன்றாக இருக்கக் கண்டு வளையங்கள் அனைத்தும் நலம் என்று முடிவு செய்வதும் பிழை. மேல் வளையங்கள் நன்றாக இருந்து, எண்ணெய் வளையம் மட்டும் கரியில் இறுகிப்போன எஞ்சின், அழுத்தச் சோதனையில் தேறிவிடும். எண்ணெயை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும்.

நோயின் வேர்

வளையம் தேய்ந்தது என்று கண்டறிந்தவுடன் ஆய்வு முடிவதில்லை. ஏன் தேய்ந்தது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை காணாது மாற்றப்படும் புது வளையங்கள் பழையவற்றின் வழியிலேயே விரைவில் போகும்.

முதல் எதிரி தூசி. காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு, தளர்ந்த ஒரு கிளிப், ஒழுங்காக அமராத ஒரு வடிகட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். மணல்துகள் சிலிண்டர் சுவரை அரம்போல் அராவிவிடும். வடிகட்டியைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால், தூசி புகுகிறதா என்பது உடனே விளங்கும். பழைய எண்ணெயில் ஒரு சிறு புட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் மேலும் தெளிவு கிடைக்கும். சிலிக்கான் மிகுந்திருப்பது தூசியைச் சுட்டும். அண்மையில் கேஸ்கட் பசை பூசப்பட்டிருந்தால் அதனாலும் சிலிக்கான் கூடலாம். இரும்பு, சிலிண்டர் சுவரின் தேய்மானத்தையும், குரோமியம் வளையத்தின் தேய்மானத்தையும், ஈயமும் செம்பும் பேரிங்குகளின் தேய்மானத்தையும் சுட்டும். சோடியம் தென்பட்டால் குளிர்நீர் கலந்திருக்க வாய்ப்புண்டு.

பிற காரணங்களும் உள. சரியாகத் தூவாத நாசில், டீசலைச் சுவரில் வடியவிட்டு எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. மிகைச்சூடு வளையங்களின் விறைப்பைக் குலைக்கிறது. மாற்றும் காலம் கடந்த எண்ணெயும் தரம் தாழ்ந்த எண்ணெயும் பள்ளங்களில் கரியைச் சேர்க்கின்றன. சரக்கு ஏற்றக் காத்திருக்கும்போது மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவதும் தீதே. சிலிண்டர் சுவரில் எண்ணெயைத் தாங்கி நிற்கும் குறுக்குக் கீறல்கள் நாளடைவில் கண்ணாடிபோல் வழவழப்பாகி விடுகின்றன.

பரிகாரமும் பாதுகாப்பும்

எஞ்சினைத் திறந்தே தீரவேண்டும் என்று உறுதியான பின், சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூவிடங்களிலும் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். மேற்பகுதி அகன்றும் வட்டம் நீள்வட்டமாகியும் இருந்தால், வளையத்தை மட்டும் மாற்றுவது சில மாத ஆறுதலே தரும். லைனர் உள்ள எஞ்சினில் லைனரை மாற்றலாம். கம்மின்ஸ் பி வரிசையைச் சேர்ந்த 5.9 லிட்டர் எஞ்சினைப் போல், லைனர் இன்றி வார்ப்பிலேயே சிலிண்டர் அமைந்தவற்றில், அடுத்த அளவுக்குப் போர் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். சுவர் அளவுக்குள் இருந்தால், ஹோனிங் செய்து புதிய கீறல்களை உண்டாக்கியே புது வளையங்களைப் பொருத்த வேண்டும்.

பிரீதர் குழாயை அடைத்துக் குறையை மறைப்பதும், கெட்டியான கலவைகளை எண்ணெயில் ஊற்றிப் புகையைத் தற்காலிகமாக அடக்கி வண்டியை விற்பதும் சில இடங்களில் நிகழ்கின்றன. முன்னது எஞ்சினைக் கெடுப்பது. பின்னது வாங்குபவரை வஞ்சிப்பது.

மிக முற்றிய நிலையில் இக்குறை உயிருக்கே கேடாகலாம். டர்போவிலிருந்தோ, பிரீதர் காற்று வழியோடு இணைக்கப்பட்ட எஞ்சினில் கிராங்க் கேஸிலிருந்தோ எண்ணெய் பெருமளவில் உள்ளே இழுக்கப்பட்டால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. பிரேக்கை முழுதும் அழுத்தி, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அதனை முடக்க முயலலாம். காற்று புகும் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூட முயல்வது பேராபத்து. இயலாதபோது அனைவரும் விலகி நிற்பதே அறிவுடைமை.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி அமைந்த டீசல் லாரிகளில், புகைத்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அங்கே நீலப்புகை கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். எரிந்த எண்ணெயின் சாம்பல் வடிகட்டியில் படிந்து அதனை அடைத்துவிடும். எனவே அவ்வண்டிகளுக்குக் குறைந்த சாம்பல் தரும் எண்ணெய் குறிக்கப்படுகிறது. புகையை நம்பியிருந்த பழைய வழக்கம் இங்கே செல்லாது. குறிப்பேட்டுக் கணக்கே முதற்சான்று.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், எளிதிலிருந்து அரிதுக்கும், செலவில்லாததிலிருந்து செலவு மிக்கதற்கும் படிப்படியாகச் செல்வதே நோயறியும் நெறி என்பது விளங்கும். முதலில் குறிப்பேடு, அடுத்து வெளிக்கசிவு, பின் பிரீதர், காற்று வடிகட்டி, அதன்பின் கம்ப்ரஸர், டர்போ, பிறகு சிலிண்டர்களின் சோதனை, எல்லாவற்றுக்கும் இறுதியிலேயே எஞ்சினைத் திறக்கும் கருவி. இவ்வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் குற்றமற்ற உறுப்பு தண்டனை பெறுகிறது. அத்தண்டனையின் செலவை உரிமையாளர் செலுத்துகிறார்.

பட்டறையில் பணிபுரியும் நம் தொழிலாளர் பலர், ஏட்டுக்கல்வி குறைவாயினும் காதாலும் கையாலும் எஞ்சினை அறிந்தவர்கள். அவர்களுடைய பட்டறிவோடு அளவையும் கணக்கும் சேருமானால் அதனை வெல்ல எதுவுமில்லை. அவர்கள் படித்தறியும் வகையில் இத்தகைய செய்திகளைத் தெளிந்த தமிழில் எழுதித் தருவது, தமிழும் அறிவியலும் பயிலும் மாணவர்களின் கடமை. சான்று கேட்டு, அளந்து பார்த்து, அதன்பின் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் ஒரு பட்டறையில் வேரூன்றினால், அதனால் காக்கப்படுவது எஞ்சின் மட்டுமன்று; அந்த எஞ்சினை நம்பி வாழும் ஒரு குடும்பமும் ஆகும்.